மான் எழுந்திருக்கக் கூடாது

எங்கள் ஊரில் கலைமான் கிடையாது. முன்பும் இருந்ததில்லை. மான் இருக்க முதலில் காடு வேண்டும். ஓல்டெர்சீல் என்ற எங்கள் ஜெர்மன் கடலோர ஊரில் இருப்பது கடலணை, அணையின் மேல் ஆடுகள், அணைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, புல்வெளியில் என்னுடையவை உட்படச் சில நூறு பசுக்கள். வேட்டை என்றால் முயல், காட்டுவாத்து, அதிர்ஷ்டம் இருந்தால் ஆட்டுக்கிடா உயரத்தில் ஒரு குட்டைமான். ஆனாலும் ஒரு கலைமான் செத்து விழுந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வேட்டைச் சங்கத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வலப்பக்கம் தரையில் படும்படி கிடத்த வேண்டும். வாயில் ஒரு கொப்பைச் செருக வேண்டும். அதற்குக் கடைசிக் கவளம் என்று பெயர். சுட்டவரின் தொப்பியில் இன்னொரு கொப்பு. நாலு மூலையிலும் நெருப்பு. மானை யாரும் தாண்டக் கூடாது. ஊதுகொம்புகள் 'மான் இறந்தது' என்ற இசையை ஊத வேண்டும். எல்லாம் முடிந்ததும் 'வேட்டை முடிந்தது' ஊத வேண்டும். அதற்குப் பிறகு அந்த வேட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நான் கேஷே, சங்கத்தின் மூன்றாவது ஊதுகொம்பு. வியாழன் மாலைதோறும் இந்த இரண்டு இசையையும் பழகி என் உதடு தடித்துவிட்டது. இதுவரை ஒரு மானும் சாகவில்லை.

சங்கத் தலைவர் டாக்டர் ஃபோக்கோ பாப்பிங்கா. பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் முப்பது வருடமாக அவர் முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். அவர் பேசுவார், நாங்கள் பதில் சொல்ல முடியாமல் கேட்போம். அந்தப் பழக்கம் அப்படியே சங்கத்துக்கும் வந்துவிட்டது. அவருக்கு அடுத்தவர் மரபுக் காவலர் வியார்ட் ஐலெர்ஸ். வரி அலுவலகத்தில் இருந்தவர். எந்த விதியைக் கேட்டாலும் சொல்வார். எதற்காக அந்த விதி என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஹாப்போ ஊபென் ஒரு மார்ச் மாதத்து வியாழக்கிழமை எழுந்து நின்று, தான் செப்டம்பரில் ஹங்கேரிக்குக் கலைமான் வேட்டைக்குப் போக நினைப்பதாகச் சொன்னான்.

ஹாப்போ பால் லாரி ஓட்டுபவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் பண்ணைக்கும் வந்து பாலை உறிஞ்சிக்கொண்டு போவான். கதவில் குனிந்து நுழைகிற உயரம், மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத வாய். லாரியின் பம்பு இரைச்சலில் இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த வருடம் இந்த அளவுக்குக்கூடக் கேட்காது என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவன் சங்கத்தில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான், அதுவும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, கத்தி.

பால் ஆலையில் சரக்கு இறக்க வரும் லாயோஷ் என்ற ஹங்கேரி லாரிக்காரர் அவனுக்குச் சிநேகிதம். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஜெர்மன் வார்த்தைகள் ஒரு கைப்பிடி இருக்கும். ஹாப்போவுக்கு அது தாராளம். லாயோஷின் ஊர்க் காட்டில் செப்டம்பரில் ஆண்மான்கள் பெண்மான்களுக்காகக் குரல் கொடுக்குமாம். விடியும் முன் அந்த உறுமல் மலை முழுவதும் கேட்குமாம். லாயோஷுக்கு முழங்கால் போய்விட்டது. காட்டில் தன் பங்கை இந்த வருடத்தோடு மருமகனுக்குக் கொடுக்கப் போகிறார். வா, இந்த வருடம் என் மான் ஒன்று உனக்கு, துப்பாக்கியும் தருகிறேன், அனுமதியும் வாங்கி வைக்கிறேன் என்று கூப்பிட்டிருந்தார்.

"எனக்கு அந்தச் சத்தத்தை ஒருவாட்டி கேக்கணும் கேஷே," என்றான் ஹாப்போ என்னிடம். "காது இருக்கும்போதே."

போய்விட்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முதன்முறை வெளிநாட்டில் பெருவேட்டைக்குப் போகும் உறுப்பினரைச் சங்கம் 'விடுவிக்க' வேண்டும் என்று ஒரு மரபு இருந்தது. அதை யாரும் கேள்விப்பட்டதில்லை, ஏனென்றால் யாரும் போனதில்லை. ஐலெர்ஸ் கேள்விப்பட்டிருந்தார். விடுவிக்காமல் போனால் உறுப்பினர் பதவி போய்விடும். ஊரின் வயல் முழுவதிலும் வேட்டை உரிமை சங்கத்துக்குத்தான். ஹாப்போ பால் எடுக்கும் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் சங்கத்தில்தான். அவனுக்கு ஊரில் சங்கத்தை விட்டால் வேறு ஊரே இல்லை.

பாப்பிங்கா எழுந்தார். தேநீரில் கற்கண்டு உடையும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார்.

"ஹாப்போ, ஒண்ணு புரிஞ்சுக்க. நீ ஹங்கேரிக்குப் போகல. ஓல்டெர்சீல் போகுது. நீ கூடப் போற, அவ்வளவுதான். அங்க நீ தொப்பியைத் தப்பான கையில பிடிச்சா, அது உன் கையில்ல. என் கை."

எல்லோரும் கைதட்டினோம். ஹாப்போவும் தட்டினான்.

ஏப்ரலில் பயிற்சி தொடங்கியது. முதலில் உடை. ஹாப்போவிடம் இருந்தது ஒரு கம்பளிக் குல்லாய். அது போதாது, விளிம்பு வைத்த தொப்பியும் முழங்கால் வரை நீண்ட பச்சைக் கம்பளிக் கோட்டும் வேண்டும் என்றார்கள். அவன் உயரத்துக்குக் கோட் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை, தைத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனபோது, பில்லியர்ட்ஸ் மேசை எழுந்து நடந்து வருவதாக நினைத்தேன் என்றாள் அவன் மனைவி டோம்மா.

அடுத்தது மொழி. வேட்டைக்காரர்களுக்கு மானின் கண்ணுக்கு ஒரு சொல், காதுக்கு ஒரு சொல், வாலுக்கு ஒரு சொல் தனியாக உண்டு. ஊரார் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் ஒரு சுற்று ஷ்னாப்ஸ் சாராயம் வாங்கித் தர வேண்டும். ஹாப்போ முதல் மாலையில் ஆறு சுற்று வாங்கினான். இரண்டாவது மாலையில் ஒன்று. மூன்றாவது மாலையிலிருந்து அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். வேட்டை மொழியில் பிழையே இல்லை என்று ஐலெர்ஸ் பாராட்டினார்.

மே மாதம் கோப்பை பிடிக்கும் கை. ஜூனில் தொப்பியை எடுக்கும் கை. இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்து, ஜூலையில் ஒரு துணைக்குழு அமைந்தது.

ஒரு நாள் ஹாப்போ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சுடுவதை எப்போது பழக வேண்டும் என்று கேட்டான். எல்லோரும் ஐலெர்ஸைப் பார்த்தார்கள்.

"சுடுறது ஒரு நிமிஷ வேலைங்க," என்றார் ஐலெர்ஸ். "அது உங்க சொந்த விஷயம். அதுக்கப்புறம் இருக்கு பாருங்க, அதுலதான் மனுஷன் மாட்டுவான்."

ஆகஸ்டில் நன்றியுரை. செத்த மானின் முன் நின்று சொல்ல வேண்டிய சில வரிகளை ஒவ்வொருவரும் சொந்தமாகத் தயாரிக்க வேண்டுமாம். ஹாப்போ ஒரு வாரம் யோசித்தான். பால் எடுக்க வந்தபோதெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை எழுந்து நின்று, சரியான கையில் தொப்பியைப் பிடித்து, தரையில் மான் கிடப்பதாகப் பாவித்து, "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அறையில் ஒரு கோப்பைகூட அசையவில்லை. நான் கைதட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் பாப்பிங்கா எழுந்துவிட்டார்.

"மன்னிப்பா? ஹாப்போ, மன்னிப்பு கேட்டா தப்பு பண்ணினோம்னு ஆயிடும். நாம மன்னிப்பு கேக்குறதில்லப்பா. மரியாதை செலுத்துறோம். மரியாதை செலுத்திட்டோம்னா அப்புறம் எதை வேணாலும் பண்ணலாம். பல்லைப் புடுங்குறதுக்கு முன்னாடி நான் என்னிக்காவது மன்னிப்பு கேட்டிருக்கேனா? நல்ல பல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். அவ்வளவுதான் நாகரிகம்."

நன்றியுரையைத் தலைவரே எழுதித் தருவது என்று முடிவாயிற்று. அது நீளமாக இருந்தது. அதில் ஓல்டெர்சீல் என்ற பெயர் நிறைய முறையும் மான் என்ற சொல் ஒரு முறையும் வந்தன.

செப்டம்பர் பிறந்தது. லாயோஷ் போன் செய்தார்: குளிர் இறங்கிவிட்டது, மான்கள் தொடங்கிவிட்டன. ஹாப்போ சங்கத்திடம் கேட்டான். ஒத்திகை பாக்கி இருக்கிறது என்றார்கள். சடங்கு முழுவதையும் ஒரு முறை முறைப்படி நடத்திப் பார்த்தால்தான் விடுவிக்க முடியும். தலைவர் மயோர்க்காத் தீவுக்கு வெயில் காயப் போயிருந்ததால் ஒத்திகை இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. லாயோஷ் மறுபடியும் போன் செய்தார். டோம்மா சாமான்களை எல்லாம் கட்டிக் காரில் ஏற்றி வைத்துவிட்டாள். விடுவித்த கையோடு கிளம்பிவிடலாம் என்பது அவள் திட்டம். மான்கள் இந்த வாரத்தோடு அடங்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஹாப்போ தினமும் படுக்கும் முன் கடிகாரத்தை வலது காதில் வைத்துப் பார்க்கிறான் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

ஒத்திகைக்கு மான் வேண்டும். முதலில் அணை மேல் இருக்கும் ஆடு ஒன்றைப் பிடிக்கலாம் என்றார்கள். ஆட்டின் முன் தொப்பியை எடுப்பது கௌரவக் குறைவு என்று தலைவர் மறுத்தார். பிறகு என் பசு மிங்காவைக் கேட்டார்கள். மிங்கா சாது. படுக்கவும் படுத்தாள். ஐலெர்ஸ் ஓக் கொப்பை வாயில் செருகினார். அவள் அதைத் தின்றுவிட்டு அடுத்ததற்காக நாக்கை நீட்டினாள். கடைசிக் கவளம் கடைசியாக இருக்க வேண்டும் என்பது மரபு. மிங்காவுக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு முழுக் கிளை தீர்ந்தபிறகு அவளைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.

கடைசியில் எல்லோருடைய பார்வையும் ஹாப்போ மீது விழுந்தது. மான் அளவுக்கு உயரம், மான் அளவுக்கு எடை, பேசவும் மாட்டான்.

"அப்போ ஹாப்போவா யாரு நிக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"நான் நிக்கிறேன்," என்றார் பாப்பிங்கா. அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அணைக்கடியில் புல்வெளி. தூறல். ஓல்டெர்சீலில் ஊசியிலை மரம் வளராது; பூந்தோட்டக்காரரிடம் சொல்லி வைத்துக் கிறிஸ்துமஸ் மரங்களை மூன்று மாதம் முன்னதாக வரவழைத்து, வெட்டித் தரையில் பரப்பியிருந்தார்கள். நாலு மூலையிலும் நெருப்பு புகைந்தது. சங்க அறைச் சுவரில் தொங்கிய மான்கொம்பை, எங்கள் தாத்தாக்கள் காலத்தில் யாரோ மலைநாட்டுச் சங்கத்தார் கொடுத்ததை, இறக்கிக் கொண்டுவந்து டோம்மாவின் கழுத்துத் துணியால் ஹாப்போவின் தலையில் கட்டினார்கள். பச்சைக் கோட்டும் போட்டிருந்தான். பாப்பிங்கா இருபதடி தள்ளி நின்று, பிடித்திருந்த குடையை மடக்கி, குறிபார்த்து, "டுமீல்" என்றார். ஹாப்போ விழுந்தான். நன்றாகவே விழுந்தான், பாவம்.

வலப்பக்கம் தரையில் படும்படி கிடத்தினார்கள். அதாவது கேட்கிற காது புல்லுக்குள். மேலே இருந்தது செத்த காது. இனி யார் என்ன பேசினாலும் அவனுக்கு எட்டாது.

தலைவர் கொப்போடு குனிந்தார். ஹாப்போவின் தாடையைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் அகலமா," என்றார். கை தானாகவே கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்தது. "ம். மேல் பக்கம் ஒண்ணு அடைக்கணும்." பிறகு கொப்பைச் செருகினார்.

நாங்கள் ஊதினோம். 'மான் இறந்தது', எங்கள் சங்க வரலாற்றில் முதன்முறையாக ஒரு மானின் முன்னால். முதல் கொம்புக்காரர் அழுதுவிட்டார். ஐலெர்ஸ் கத்தியின் மேல் ஒரு கொப்பை வைத்து நீட்ட, பாப்பிங்கா அதை எடுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு நிமிடம் கழித்து, தான் ஹாப்போவாக நிற்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அன்பர்களே," என்று தொடங்கினார். "இதோ கிடக்கிறான் பாருங்க. யாரையும் எதுவும் கேட்டதில்ல இவன். புல்லைத் தின்னான், நாம வர்ற வரைக்கும் காத்திருந்தான். நாம இல்லேன்னா இவன் யாரு? ஏதோ ஒரு மான். நாம சுட்டதாலதான் இவனுக்கு ஒரு பேரு கிடைச்சிருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டு நன்றியோடதான் போயிருக்கான்னு இந்த முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

முகத்தில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஹாப்போவின் கால்சட்டைப் பையில் போன் அடித்தது.

அவனுக்குக் கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் கேட்டது. மான் கிடக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது என்பதால் நாங்கள் நின்றபடியே இருந்தோம். போன் ஓய்ந்து மறுபடியும் அடித்தது. வேலிக்கு வெளியே தேநீர்க் குடுவையோடு நின்றிருந்த டோம்மா வேலியைத் தூக்கி நுழைந்து, நேராக நடந்து வந்து, நெருப்பைச் சுற்றாமல், ஹாப்போவின் மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டி, அந்தப் பக்கம் மண்டியிட்டுப் பையில் கைவிட்டாள்.

ஐலெர்ஸின் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. மானைத் தாண்டிவிட்டாள். அதைவிடப் பெரிய குற்றம் அவருக்குத் தெரிந்த எந்த மரபிலும் இல்லை. சடங்கு செல்லாது, தூய்மைப்படுத்தி அடுத்த ஞாயிறு முதலிலிருந்து நடத்த வேண்டும் என்று தாழ்ந்த குரலில் தலைவரிடம் சொன்னார். குற்றத்துக்குக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் மூன்று அடி உண்டு. ஆனால் அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அதை யார் வாங்கிக்கொள்வது என்பது யோசிக்க வேண்டிய விஷயம் என்றும் சொன்னார்.

டோம்மா அதற்குள் ஹலோ சொல்லி ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டாள். லாயோஷின் குரல் கேட்டது. "டோம்மா? பேசாத. கேளு."

நான் அதற்கு முன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கன்றைப் பிரித்த அன்று பசு கத்தும், அது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் அதில் துக்கம் மட்டும்தான் இருக்கும். இதில் கோபமும் ஆசையும் சேர்ந்து இருந்தன. தொண்டை கிழிய நீளமாக வந்து, கடைசியில் இருமலாக உடைந்தது. வேறொரு மான் தூரத்திலிருந்து பதில் கொடுத்தது. அணை மேல் மேய்ந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

"என்ன கண்றாவிச் சத்தம் அது?" என்றார் பாப்பிங்கா. "நிறுத்துங்க முதல்ல. ஒரு கலைமான் முன்னாடி நின்னுக்கிட்டிருக்கோம், கொஞ்சமாவது மரியாதை வேணாமா?"

லாரி பிரேக்காக இருக்கலாம் என்றார் ஐலெர்ஸ். அந்த நாட்டுப் பாட்டே அப்படித்தான் என்றார் முதல் கொம்புக்காரர். ஒருவருக்கும், தாத்தா காலத்திலிருந்து கலைமானுக்காகத் தொப்பி எடுக்கப் பழகிய ஒருவருக்கும், அது என்னவென்று தெரியவில்லை.

டோம்மாவுக்குத் தெரிந்தது. அவள் ஹாப்போவின் தோளைப் பிடித்துப் புரட்டினாள்.

"வலப்பக்கம் கீழ இருக்கணும்மா," என்றார் ஐலெர்ஸ், கெஞ்சலாக.

அவள் போனை வலது காதில் வைத்தாள். ஹாப்போ அசையாமல் கேட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுத எனக்கு வரவில்லை. சத்தம் நின்றதும் லாயோஷ் பேசினார். "இன்னும் ரெண்டு நாள், மூணு நாள். அவ்வளவுதான். அப்புறம் காடு ஊமையாயிடும். வர்றியா?"

ஹாப்போ வாயிலிருந்து கடைசிக் கவளத்தை எடுத்தான். "வர்றேன்," என்றான். எழுந்து நின்றான். மான்கொம்பு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"ஹாப்போ," என்றார் பாப்பிங்கா. "நீ செத்துட்டப்பா. படு."

"தெரியும் டாக்டர்," என்றான் ஹாப்போ. இருவரும் காரைப் பார்த்து நடந்தார்கள்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிடியுங்கள் அவனை என்றார். இரண்டு பேர் காலெடுத்து வைத்தார்கள். அப்போது ஐலெர்ஸ் கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். நான் அந்த மனிதரை அன்று ஒரு நிமிடம் நேசித்தேன்.

"கூடாது டாக்டர். சுட்ட மான் எழுந்து போனா உடனே பின்னால போகவே கூடாது. அது எங்கயாவது போய் நிம்மதியா படுக்கட்டும்னு விடணும். ஒரு சுருட்டு புகைக்கிற நேரம் சுட்டவர் நின்ன இடத்துலயே நிக்கணும். இது அடிப்படை."

"நான் சுருட்டு பிடிக்கிறதில்ல."

"அப்போ வேற யாராவது பிடிக்கணும்."

யாரிடமும் சுருட்டு இல்லை. சிகரெட் செல்லுமா என்று விவாதம் நடந்தது. ஒரு சுருட்டுக்கு எத்தனை சிகரெட் என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. நாங்கள் அப்படியே வரிசை கலையாமல் நனைந்துகொண்டு நின்றபோது டோம்மாவின் சிவப்புக் கார் அணைச் சாலையில் ஏறித் திரும்பியது. மான்கொம்பின் ஒரு கிளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஒன்றரை வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். சுவரிலிருந்து எடுத்த கொம்பை ஹாப்போ பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அவனை நீக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். ஆனால் சடங்கில் அவன் இருந்தது வேட்டைப் பிராணியாக. வேட்டைப் பிராணியைச் சங்கத்திலிருந்து நீக்க விதி இல்லை என்று ஐலெர்ஸ் கையை விரித்துவிட்டார்.

ஹாப்போ பால் எடுக்க வந்தபோது நான் பம்பை நிறுத்தச் சொன்னேன். வலது காதுப் பக்கம் போய் நின்று கேட்டேன். முதல் நாள் விடியலில் துப்பாக்கியைத் தொடவே இல்லையாம், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம். இரண்டாம் நாள் சுட்டானாம். ஒரே குண்டு. லாயோஷ் பக்கத்துப் புதரில் ஒரு கொப்பை ஒடித்து மானின் வாயில் வைத்து, குல்லாயை எடுத்தாராம்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் நின்னோம். மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். லாயோஷ் தனக்குச் சொன்னதா நினைச்சுக்கிட்டு, பரவாயில்லன்னாரு." குழாயின் மூட்டைத் திருகி இறுக்கினான். "தூக்குறதுக்குத்தான் கஷ்டமா போச்சு கேஷே. கனம்."

நவம்பரில் ஆண்டுக் கூட்டம். சங்கச் சுவரில் கொம்பு பழைய இடத்திலேயே தொங்கியது. அதன் கீழே புதிதாக ஒரு பித்தளைத் தகடு: ஓல்டெர்சீலின் முதல் கலைமான், டாக்டர் ஃபோக்கோ பாப்பிங்கா. ஹாப்போ கொண்டுவந்த மான்கறித் தொத்திறைச்சியை எல்லோரும் ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். டோம்மாவின் காதில் அந்த மானின் இரண்டு பற்கள் தோடாகத் தொங்கின. தலைவர் அருகில் வந்து பார்த்து, நல்ல பீங்கான் வேலை என்று மெச்சினார்.

பிறகு உரை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். தூறல், பனிமூட்டமாகியிருந்தது. இருபதடி, இருநூறு அடியாகியிருந்தது. குடையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"அன்னிக்கு அது உறுமினது இருக்கே," என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கனைப்பு கனைத்துக் காட்டினார். மழையில் வெளியே மாட்டிக்கொண்ட பூனை அப்படிக் கத்தும். "அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதைக் கேக்குறதுக்கு ஒரு காது வேணும் அன்பர்களே. எல்லாருக்கும் அது வாய்ச்சிடாது."

கடைசி வரிசையில் ஹாப்போ கையை வலது காதுக்குப் பின்னால் குவித்து, முன்னால் சாய்ந்து, என்ன சொல்கிறார் என்று பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டவில்லை. டோம்மாவிடம் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று.

என் ஊதுகொம்பு மடியில்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை 'வேட்டை முடிந்தது' ஊதப்படவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் எழுந்து நின்று ஊதினேன். உள்ளே இருந்த காற்று எல்லாவற்றையும் வைத்து ஊதினேன். கண்ணாடிகள் அதிர்ந்தன. ஹாப்போ கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். அது அவனுக்குக் கேட்டது.

முதலில் எழுந்தவர் ஐலெர்ஸ். தொப்பியை எடுத்தார். சரியான கை. அவரைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். நான் கடைசி சுரத்தை இழுத்து முடித்தேன். இனி அந்த வேட்டையைப் பற்றி ஒருவரும் பேசக் கூடாது.

பாப்பிங்கா ஏதோ சொல்ல வந்தார். ஐலெர்ஸ் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். தலைவர் திறந்த வாயோடு, பதில் சொல்ல முடியாமல் நின்றார். அவருடைய நாற்காலியில் நாங்கள் முப்பது வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.